கையைக் கடிக்காத ரெட்ரோ: பழைய பாணி பிரிண்டுகளும் சேகரிப்புப் பொருள்களும் வாங்க ஒரு முழுமையான வழிகாட்டி

நான் முதன்முதலில் வாங்கிய பழைய பாணிப் போஸ்டர் ஒரு கப்பல் பயண விளம்பரம். திரையில் பார்த்தபோது கப்பலின் மூக்கு வானத்தைக் கிழித்துக்கொண்டு நின்றது. குழாயிலிருந்து உருவி மேசையில் விரித்தால், எழுத்துகளின் ஓரமெல்லாம் படிக்கட்டு படிக்கட்டாக உடைந்திருந்தது. நீல வானத்தில் கட்டம் கட்டமாகத் திட்டு. இணையத்தில் கிடந்த ஒரு சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கிப் பளபளக்கும் தாளில் அடித்து அனுப்பியிருந்தார்கள். மலிவுதான், ஆனால் தண்டச் செலவு.

அதற்கு அடுத்ததாக நான் வாங்கியது படமே இல்லை, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு சின்னப் பூதக்கண்ணாடி. நகை பார்ப்பவர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்வார்களே, அந்த லூப். இந்தப் பொழுதுபோக்கில் இதுவரை செய்த செலவில் உருப்படியானது எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். கீழே நான் சொல்லப்போவதில் பாதி, அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

முதல் படி: எதை வாங்குகிறோம் என்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள்

விற்பவர்கள் ‘விண்டேஜ்’, ‘ரெட்ரோ’, ‘கிளாசிக்’ என்ற மூன்றையும் ஒரே குடத்தில் போட்டுக் கலக்குவார்கள். நீங்கள் கலக்கக் கூடாது. விண்டேஜ் என்றால் பொருளுக்கே வயதாகியிருக்க வேண்டும். கைவினையும் பழம்பொருளும் விற்கும் எட்ஸி இணையதளத்தின் விதிப்படி குறைந்தது 20 ஆண்டு. ரெட்ரோ என்றால் பொருள் நேற்று அச்சானதாக இருக்கலாம், தோற்றம் மட்டும் பழையது. இரண்டும் நல்லவையே. ஆனால் ஒன்றின் விலைக்கு இன்னொன்றை வாங்கிவிட்டால்தான் வயிறு எரியும்.

என் கணக்கில் ஐந்து வகை. அந்தக் காலத்திலேயே அச்சான அசல். பதிப்புரிமை உள்ளவர்களே பிற்காலத்தில் மறுபடி அச்சிட்ட மறுபதிப்பு. உரிமைக் காலம் முடிந்த படத்தை யார் வேண்டுமானாலும் அச்சிடும் நகல். பழைய பாணியில் இன்றைய ஓவியர் வரைந்த புதுப் படைப்பு. கடைசியாக, உரிமை இல்லாமல் அடிக்கும் திருட்டுப் பிரதி. பட்ஜெட்டுக்குள் வாங்க நினைப்பவருக்கு விளையாட்டு மைதானம் மூன்றாவதும் நான்காவதும்தான்.

நகல் என்றால் முகம் சுளிக்க வேண்டியதில்லை. ‘அமைதியாக இரு, வேலையைத் தொடர்ந்து செய்’ என்று சொல்லும் அந்தப் பிரிட்டிஷ் சிவப்புப் போஸ்டர் தெரியாதவர் குறைவு. 1939-இல் போரை எதிர்பார்த்து ஏறத்தாழ 25 லட்சம் பிரதிகள் அச்சிட்டு, பெரும்பாலும் ஒட்டாமலேயே காகிதக் கூழுக்கு அனுப்பிவிட்டார்கள். 2000-இல் இங்கிலாந்தின் ஆனிக் ஊரில் ஒரு பழைய புத்தகக் கடைக்காரர், ஏலத்தில் வாங்கிய புத்தகப் பெட்டியின் அடியில் ஒரு பிரதியைக் கண்டெடுத்துக் கடையில் மாட்டினார். வந்தவர்களெல்லாம் கேட்கவே நகல் அச்சிட்டார். உலகம் முழுக்கச் சுவரிலும் காபிக் கோப்பையிலும் நீங்கள் பார்ப்பதெல்லாம் அந்த நகலின் வம்சம். அசல் வேண்டும் என்று அடம்பிடித்திருந்தால் ஒருவர் வீட்டிலும் அது இருந்திருக்காது.

இரண்டாம் படி: ஒரு காலத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

கண்டதையெல்லாம் வாங்கினால் சுவர் பழைய பேப்பர் கடைபோல ஆகிவிடும். ஏதாவது ஒரு பாணியில் தொடங்குவது காசுக்கும் நல்லது, கண்ணுக்கும் நல்லது.

தூரிகை வேகமும் தட்டையான நிழலுருவங்களும் பிடிக்குமென்றால் 1890-களின் பாரிஸ். ஓவியர் துலூஸ்-லோத்ரெக் 1891-இல் மூலான் ரூஜ் கேளிக்கை அரங்குக்கு வரைந்த போஸ்டர் இந்தக் கலையின் முகவரியையே மாற்றியது. கொடிபோல் சுழலும் கூந்தலும் மலர் வளையமும் வேண்டுமென்றால் செக் ஓவியர் அல்ஃபோன்ஸ் மூக்கா. கூர்மையான கோணங்களும் பிரம்மாண்டமும் என்றால் ஆர்ட் டெகோ. 1925-இல் பாரிஸில் நடந்த அலங்காரக் கலைக் கண்காட்சியிலிருந்து வந்த பெயர். அந்தக் கண்காட்சிக்குப் பத்தாண்டு கழித்து ஓவியர் கசாந்த்ர் வரைந்த ‘நோர்மாந்தி’ கப்பல் போஸ்டர் இந்தப் பாணிக்குச் சிகரம். (நான் ஏமாந்த படம் இதன் தூரத்து உறவு.)

அமெரிக்காவில் பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு வேலையில்லாத ஓவியர்களுக்கு அரசே சம்பளம் கொடுத்துப் போஸ்டர் வரையவைத்தது. அந்த அரசுத் திட்டத்தின் பெயர்ச் சுருக்கத்தால் டபிள்யூ.பி.ஏ. போஸ்டர்கள் என்று பெயர், 1936 முதல் 1943 வரை. இன்று தேசியப் பூங்கா, மலை, காடு என்று நாலு வண்ணத்தில் வரும் ரெட்ரோ பிரிண்டுகளில் பாதிக்கு இதுதான் தாய்வீடு. 1966 வாக்கில் சான் ஃபிரான்சிஸ்கோவில் வெஸ் வில்சனும் விக்டர் மோஸ்கோசோவும் இசை நிகழ்ச்சிகளுக்கு வரைந்தவை வேறு ரகம். எழுத்து உருகி வழியும், வண்ணம் கண்ணில் அதிரும். அந்த உருகும் எழுத்தை வில்சன் எடுத்தது, அறுபது ஆண்டுக்கு முன் வியன்னாவில் ஆல்ஃபிரட் ரோலர் வரைந்த எழுத்திலிருந்து. ஆக, இன்று நாம் ரெட்ரோ என்று கொண்டாடும் 1966-உம் அன்றைக்கே ஒரு ரெட்ரோதான்.

இந்தப் பாணிகள் அப்படித் தோன்றியதற்குக் காரணம் ரசனை மட்டும் இல்லை, அச்சு இயந்திரமும்தான். டபிள்யூ.பி.ஏ. போஸ்டர்கள் பல அச்சானது ஸ்கிரீன் பிரிண்டிங்கில், அதாவது துணி கட்டிய சட்டத்தின் வழியே மையைத் தாளில் இழுக்கும் முறையில். அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிச் சட்டம் கட்ட வேண்டும், தனியாக மை இழுக்க வேண்டும், காய வைக்க வேண்டும். ஆறு நிறம் என்றால் ஆறு மடங்கு வேலை. அதனால் ஓவியர் மூன்று, நான்கு நிறத்துக்குள் கதையை முடித்தார். தாளின் வெள்ளையையே ஒரு நிறமாக வைத்துக்கொண்டார். மலையின் நிழலும் மரத்தின் நிழலும் ஒரே கருநீலமாக இருப்பது அந்தச் சிக்கனத்தால். இதைப் புரிந்துகொண்டால், புதிதாக வரைந்த ரெட்ரோ படத்தில் எது நல்லது, எது போலி என்று சட்டெனத் தெரியும். ஓவியர் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொண்டிருக்கிறாரா என்று பாருங்கள். ஐம்பது நிறத்தில் மென்மையாகக் கரைந்தோடும் வானத்தை வரைந்துவிட்டு, மேலே கொஞ்சம் சுருக்கமும் கறையும் தெளித்துப் ‘பழசாக்கிய’ படத்தை நான் தொடுவதே இல்லை.

மூன்றாம் படி: பூதக்கண்ணாடியை எடுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். கண்ணாடியைத் தாளோடு ஒட்டி வையுங்கள், கண்ணைக் கண்ணாடியோடு ஒட்டி வையுங்கள், பக்கத்தில் நல்ல வெளிச்சம் இருக்கட்டும். முகம், வானம் போன்ற இளநிறப் பகுதியையும் ஒரு கறுப்பு எழுத்தின் ஓரத்தையும் பாருங்கள்.

சின்னச் சின்னப் புள்ளிகள் வட்டமாகக் கூடிப் பூப்போலத் தெரிந்தால் அது ஆஃப்செட், பெரிய அச்சகங்களின் வழக்கமான இயந்திர அச்சு. சியான், மெஜெந்தா, மஞ்சள், கறுப்பு என நான்கு மைகளின் புள்ளி வரிசைகளும் ஒன்றுக்கொன்று வேறு கோணத்தில் அச்சாவதால் அந்தப் பூ வடிவம் வருகிறது. மஞ்சளுக்கு 0 பாகை, கறுப்புக்கு 45, மற்ற இரண்டுக்கும் 15, 75 என்பது வழக்கமான ஏற்பாடு. பத்திரிகை, காலண்டர், பெரும்பாலான கடைப் போஸ்டர் எல்லாம் இதுவே. பழைய காமிக்ஸ் தாளில் புள்ளி கண்ணாடி இல்லாமலே தெரியும். பென் டே என்று அழைக்கப்படும் அந்தப் புள்ளி முறையின் பெயர், 1879-இல் அதை உருவாக்கிய பெஞ்சமின் டேயிடமிருந்து வந்தது. பிற்பாடு அமெரிக்க ஓவியர் ராய் லிக்டன்ஸ்டைன் அந்தப் புள்ளியையே பெரிதாக்கி ஓவியமாக மாட்டினார்.

புள்ளியே இல்லாமல், சுவருக்குப் பெயின்ட் அடித்ததுபோல் கெட்டியாக நிறம் நின்றால் ஸ்கிரீன் பிரிண்ட். விரலை மெல்ல ஓட்டினால் மையின் மேடு தட்டுப்படும். சாய்வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறம் ஏறியிருக்கும் விளிம்பு தெரியும். மையைப் பார்க்கும்போதே இதற்கு ஏன் கூடுதல் விலை என்று புரிந்துவிடும்.

புள்ளி ஒழுங்கில்லாமல் தூற்றல்போல் சிதறியிருந்தால் இங்க்ஜெட். இதற்குத்தான் ‘ஜிக்லே’ என்று பட்டுக்குஞ்சம் கட்டிய பெயர். கணினி அச்சு என்றால் மதிப்புக் குறையும் என்று எண்ணி, 1991-இல் ஜாக் டுகேன் என்ற அச்சுக் கலைஞர் ‘பீய்ச்சுவது’ என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து இதை உருவாக்கினார். சொல்லைக் கேட்டு மிரளவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். ‘பிக்மென்ட் மையா, டை மையா? தாள் என்ன?’ என்று இரண்டே கேள்வி கேளுங்கள். நுண்ணிய நிறத்துகள் கலந்த பிக்மென்ட் மையும் அமிலமில்லாத தாளும் என்றால் பல்லாண்டு தாங்கும். கரைந்த சாயமான டை மை வெயிலில் சீக்கிரம் வெளிறும்.

அடுத்தது ரிசோகிராஃப். ஜப்பானின் ரிசோ நிறுவனம் அலுவலகங்களில் சுற்றறிக்கை அடிக்க உருவாக்கிய நகல் இயந்திரம். பிற்பாடு ஓவியர்கள் அதைத் தத்தெடுத்துக்கொண்டார்கள். நிறத்துக்கு ஒரு உருளை, எண்ணெய் கலந்த மை. இரண்டு நிறம் ஒன்றோடொன்று ஒரு மில்லிமீட்டர் விலகி நிற்கும். அந்த விலகல்தான் அழகே. மை முழுதாகக் காயாது, கறுப்புப் பகுதியைத் தேய்த்தால் விரலில் ஒட்டும். பெரும்பாலும் ஏ3 அளவுக்குள் இருக்கும். இயந்திரச் செலவு குறைவு என்பதால் விலையும் குறைவு. சின்ன பட்ஜெட்டில் ‘உண்மையாகவே மையால் அச்சான’ கலை வேண்டுமென்றால் நான் முதலில் கைகாட்டுவது ரிசோவைத்தான்.

இனி ஏமாற்றைப் பிடிக்கும் தந்திரம். ‘1930-களின் அசல்’ என்று சொல்லும் ஸ்கிரீன் பிரிண்டில் அந்த ஆஃப்செட் பூப் புள்ளி தெரிந்தால், யாரோ அசலைப் படமெடுத்து அச்சிட்டிருக்கிறார்கள். மடிப்புக்கோடு கண்ணுக்குத் தெரிகிறது, விரலுக்குத் தட்டுப்படவில்லை என்றால் மடிப்பும் சேர்ந்தே அச்சாகியிருக்கிறது. புள்ளிமேல் புள்ளி விழுந்து அலையலையாகத் தெரிந்தால், ஏற்கெனவே அச்சான பிரதியை மறுபடி ஸ்கேன் செய்தது. புற ஊதா டார்ச் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. தாளை வெண்மையாக்கும் ரசாயனம் பரவலானது ஏறத்தாழ 1950-க்குப் பிறகுதான். இருட்டறையில் டார்ச் பட்டதும் நீலவெள்ளையாகப் பளிச்சென்று மின்னும் தாள், அதற்கு முந்தைய காலத்துத் தாளாக இருப்பது அரிது.

நான்காம் படி: இலவசமாகக் கிடைப்பதை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்

மலிவு என்று தேடுபவர்கள் பலரும் தாண்டிப் போகும் இடம் இது. பெரிய அருங்காட்சியகங்கள் உரிமைக் காலம் முடிந்த படங்களை அச்சுத் தரத்தில் சும்மாவே தருகின்றன. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017-இல் இதைத் திறந்துவிட்டது. ஸ்மித்சோனியன் 2020-இல் 28 லட்சம் படங்களோடு தொடங்கியது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம், சிகாகோ கலைக்கழகம் இரண்டிலும் நாள் கணக்கில் உலாவலாம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் டபிள்யூ.பி.ஏ. போஸ்டர்கள் மட்டும் 900-க்கு மேல் இருக்கின்றன. நாசாவின் ஜெ.பி.எல். ஆய்வகம் 2016-இல் வேற்றுக் கோள்களுக்குச் சுற்றுலா விளம்பரம்போல ஒரு ரெட்ரோ போஸ்டர் வரிசையையே வெளியிட்டது, தரவிறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம்.

இறக்கிய பிறகு கணக்கு போடுங்கள். ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது கையில் வைத்துப் பார்க்கும் அச்சின் தரம். அதன்படி ஏ3 தாளுக்கு 3508 × 4961 பிக்சல் வேண்டும், ஏ2-வுக்கு 4961 × 7016. சுவரில் நாலடி தள்ளி நின்று பார்க்கும் படமென்றால் 150 போதும், அதற்குக் கீழே போகாதீர்கள். என் கப்பல் போஸ்டரையே எடுத்துக்கொள்ளுங்கள்: பின்னர் தேடியதில் இணையத்தில் கிடைத்த மூலப்படம் 900 பிக்சல் அகலம். ஏ2 தாளின் அகலம் பதினாறரை அங்குலம். அங்குலத்துக்கு 54 புள்ளி! படிக்கட்டு விழாமல் என்ன செய்யும்?

அச்சகத்தில் ‘போஸ்டர்’ என்று மட்டும் சொன்னால் பளபளக்கும் தாளில் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். பழைய பாணிப் படத்துக்குப் பளபளப்பு எதிரி. பூச்சில்லாத மேட் தாள், 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை) அல்லது அதற்கு மேல் என்று கேளுங்கள். தூய வெள்ளை வேண்டாம், சற்றே தந்தநிறமாக இருக்கட்டும். முழுப் படத்தையும் அடிப்பதற்குமுன் அடர்நிறமும் இளநிறமும் சேர்ந்துவரும் ஒரு பட்டையை மட்டும் சோதனைக்கு அடித்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். திரையில் பார்த்ததைவிடத் தாளில் ஒரு படி இருண்டே வரும்.

உரிமை விஷயம் ஒன்று. பல நாடுகளில் படைத்தவர் இறந்து 70 ஆண்டு கழித்து உரிமை முடிகிறது. சில நாடுகளில் இன்னும் குறைவு. அமெரிக்காவில் பழைய வெளியீடுகளுக்கு 95 ஆண்டு. அந்தக் கணக்கில்தான் 1928-இன் கறுப்புவெள்ளை மிக்கி மவுஸ் 2024 ஜனவரி 1 அன்று பொதுச்சொத்தானது. ஆனால் அன்று விடுபட்டது அந்த முதல் மிக்கி மட்டுமே. பிந்தைய உருவங்களுக்கு, அவை வெளிவந்த ஆண்டிலிருந்து அதே கணக்கில்தான் உரிமை முடியும். வணிகக்குறியோ அப்படியே இருக்கிறது. விற்பனைக்கு அச்சிட நினைப்பவர்கள் இந்த வேறுபாட்டைத் தெளிவாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாம் படி: ஓவியரிடம் வாங்கும்போது

பிரிண்டின் அடியில் பென்சிலால் 23/100 என்றிருந்தால், நூறு பிரதியில் இருபத்து மூன்றாவது. எண் சிறியதாக இருந்தால் மதிப்பு அதிகம் என்பது இன்றைய பிரிண்டுகளைப் பொறுத்தவரை பேச்சுக்குத்தான். அச்சாகும் வரிசையில் எண் போடுவதும் இல்லை. மொத்தம் எத்தனை என்பதைத்தான் பார்க்க வேண்டும். ‘ஏ.பி.’ என்றிருந்தால் ஓவியர் தனக்கென எடுத்துவைத்த பிரதி. ‘ஓப்பன் எடிஷன்’ என்றால் கேட்பவர்க்கெல்லாம் அடித்துக்கொண்டே இருப்பார்கள். சுவருக்கு வாங்குபவர் இதில் கூச்சப்படவே வேண்டாம், படம் அதேதான், விலை பாதி. ‘டைம்டு எடிஷன்’ என்றால் குறிப்பிட்ட நாள்களுக்குள் எத்தனை பேர் கேட்டார்களோ அத்தனை.

காசு மிச்சம் பிடிக்க நான் கையாளும் ஒரு வழி: அச்சில் நிறம் லேசாக விலகியது, ஓரம் மடங்கியது போன்ற ‘செகண்ட்ஸ்’ பிரதி இருக்கிறதா என்று ஓவியரிடமே கேட்டுவிடுவேன். பலர் பட்டியலில் போடுவதில்லை, கேட்டால் தருவார்கள். ஓரக் குறை எப்படியும் ஃபிரேமுக்குள் மறைந்துவிடும்.

படத்தை வாங்குமுன் அதன் பிம்பத்தைத் தேடுபொறியில் போட்டுப் பாருங்கள். ஒரே படம் பத்துக் கடையில் பத்துப் பெயரில் வந்தால் மூல ஓவியர் யாரென்று தேடி அவரிடம் போங்கள். செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய ‘பழைய’ போஸ்டர்களும் இப்போது குவிகின்றன. எழுத்தை உற்றுப் பாருங்கள். ஒரே ஆங்கிலச் சொல்லில் வரும் இரண்டு ‘E’ ஒன்றுபோல் இல்லாமல் இருக்கும், சக்கரத்தின் கம்பிகள் எங்கோ தொடங்கி எங்கும் போய்ச் சேராது.

சினிமா போஸ்டர் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு அளவுநாடா போதும். அமெரிக்கத் திரையரங்குக்குப் போன ‘ஒன் ஷீட்’ போஸ்டர் 1980-களின் நடுப்பகுதி வரை 27 × 41 அங்குலம், அதன்பின் 27 × 40. பிரிட்டிஷ் ‘குவாட்’ 30 × 40, படுக்கைவாட்டில். கடைகளில் விற்பதற்கென்று அச்சானது 24 × 36. ஆகவே 24 × 36-இல் ஒரு 1970-களின் ‘திரையரங்க அசல்’ வந்தால் சிரித்துவிட்டு நகருங்கள். 1980-களின் தொடக்கம் வரை இவற்றை மடித்தே அனுப்பினார்கள் என்பதால் மடிப்புக்கோடு குறையே இல்லை. அந்தக் காலத்துப் போஸ்டர் மடிப்பே படாமல் புத்தம்புதிதாக இருந்தால்தான் கூடுதலாக விசாரிக்க வேண்டும். பிற்காலப் போஸ்டர்களில் பின்பக்கமும் படம் கண்ணாடிப் பிம்பமாக அச்சாகியிருக்கும், விளக்குப் பெட்டியில் மாட்டும்போது நிறம் ஆழமாகத் தெரிய. நகல் அடிப்பவர் அந்தச் செலவைப் பெரும்பாலும் செய்வதில்லை.

ஆறாம் படி: பொம்மை, பின், டப்பா, அட்டை

இங்கே நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். அட்டையிலேயே ‘கலெக்டர்ஸ் எடிஷன்’ என்று அச்சடித்து வரும் பொருள் பிற்பாடு விலை ஏறும் என்று நம்பி வாங்காதீர்கள். சூப்பர்மேன் அறிமுகமான, 1938-இல் பத்து சென்ட்டுக்கு விற்ற ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ் இன்று கோடிகளுக்குப் போவது ஏன்? குழந்தைகள் படித்துக் கிழித்து எறிந்துவிட்டார்கள். மிஞ்சியது ஏறத்தாழ நூறுதான் என்று கணிப்பு. 1991-இல் வந்த எக்ஸ்-மென் புதிய வரிசையின் முதல் இதழோ 80 லட்சம் பிரதிக்கு மேல் விற்றது. ஐந்து விதமான அட்டை. ஆளாளுக்கு இரண்டு மூன்று வாங்கி உறையில் போட்டுப் பத்திரப்படுத்தினார்கள். எல்லாரும் பத்திரப்படுத்தியதால் இன்றைக்கும் அது சல்லிசு. ஃபன்கோ நிறுவனத்தின் பெரிய தலைப் ‘பாப்’ பொம்மைகள் 2010-இல் தொடங்கி அலமாரி அலமாரியாக நிறைந்தன. 2023-இல் அதே நிறுவனம் 3 கோடி முதல் 3.6 கோடி டாலர் மதிப்புள்ள சரக்கை அழிக்கப்போவதாக அறிவித்தது.

இதையே உங்களுக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்ளலாம். முதலீடு என்று நினைத்து வாங்கியவர்கள் அலுத்துப்போய்க் கழித்துவிடும் நாளில் நீங்கள் ஆசைக்காக வாங்குங்கள். பெட்டி பிரித்த, பெட்டியே இல்லாத ‘லூஸ்’ பொம்மை பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். அலமாரியில் நிறுத்துவது பொம்மையைத்தானே, பெட்டியை அல்லவே. தனித்தனியாக வாங்காமல் மொத்தமாக ஒரு பெட்டி வாங்கி, வேண்டியதை வைத்துக்கொண்டு மிச்சத்தை விற்றால் வைத்துக்கொண்டது கிட்டத்தட்ட இலவசம்.

தேதியைப் பார்த்து ஏமாறுவது இங்கே அடிக்கடி நடக்கும். பார்பி பொம்மையின் முதுகில் 1966 என்றிருந்தால் அது அந்த உடலச்சின் உரிமை ஆண்டு. 1990-களில் செய்த பொம்மையிலும் அதே எண் இருக்கும். 1968-இல் தொடங்கிய ஹாட் வீல்ஸ் கார்களின் அடிப்பாகத்து ஆண்டும் அப்படியே, வார்ப்பு வடிவமைத்த ஆண்டைத்தான் காட்டும். ‘1966 பார்பி, அரிய பொருள்’ என்று விற்பவர் எல்லாரும் பொய்யர்கள் இல்லை, பாதிப்பேருக்கு உண்மையாகவே தெரியாது.

திருட்டுப் பிரதியைக் கண்டுபிடிக்க மூக்கும் கையும் போதும். மலிவுப் பிளாஸ்டிக்கின் கடும் வாடை, எடை குறைவு, கண்ணின் கருவிழி சற்றே தப்பி விழுந்த பெயின்ட், பெட்டியின் சிறிய எழுத்துகள் மங்கலாக இருப்பது, பதிப்புரிமையைச் சொல்லும் வாசகமே இல்லாமை. இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

பொம்மைகூட வேண்டாம், இன்னும் சின்னதாகத் தொடங்கலாம் என்றால் தாள் பொருள்கள் இருக்கின்றன. தீப்பெட்டி லேபிள், பயணப்பெட்டியில் ஒட்டிய ஓட்டல் லேபிள், நுழைவுச்சீட்டு, பத்திரிகை விளம்பரப் பக்கம், படஅட்டை. இவை அந்தக் காலத்தின் அசல் அச்சு, அதிலும் விலையில் கடைசிப் படி. படஅட்டையின் பின்பக்கம் நடுவில் கோடு போட்டு முகவரிக்கும் செய்திக்கும் தனி இடம் விட்டது பிரிட்டனில் 1902-இல், அமெரிக்காவில் 1907-இல். கோடு இல்லை என்றால் அதற்கு முந்தையது. ஒன்பது தீப்பெட்டி லேபிளை ஒரே ஃபிரேமில் மூன்றுக்கு மூன்றாக அடுக்கிப் பாருங்கள். பெரிய போஸ்டர் ஒன்று செய்யும் வேலையை அது செய்யும்.

ஏழாம் படி: பணத்தைப் பிரிப்பது

படத்துக்கு என்று ஒரு தொகை ஒதுக்கினால் அதே அளவு ஃபிரேமுக்கும் ஒதுக்கிவிடுங்கள். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, ஃபிரேம் கடைக்குப் போய் வந்த பிறகு நம்புகிறார்கள். தப்பிக்க வழி, வாங்கும்போதே ஏ4, ஏ3, ஏ2 போன்ற பொது அளவில் வாங்குவது. தயார் ஃபிரேம் கிடைக்கும். அளவு பொருந்தாத சின்னப் படத்தைப் பெரிய தயார் ஃபிரேமில் வைத்து, சுற்றிலும் மவுன்ட் அட்டை வெட்டிக்கொண்டால் செலவும் குறைவு, பார்வைக்கும் எடுப்பு. அனுப்பும் செலவைச் சேர்க்காமல் விலையை ஒப்பிடாதீர்கள். ஒரே ஓவியரிடம் மூன்று பிரிண்ட் வாங்கினால் ஒரே குழாயில் வந்துவிடும்.

எட்டாம் படி: கெடாமல் வைத்திருப்பது

தாள் மஞ்சளாவதற்குக் காரணம் மரக்கூழில் உள்ள லிக்னின். வெளிச்சமும் காற்றும் பட்டால் நிறம் மாறும். பின்னால் வைக்கும் அட்டையும் மலிவு மரக்கூழ் என்றால் அதிலிருந்து அமிலம் படத்துக்கு ஏறி, சில ஆண்டில் பழுப்பு விளிம்பு கட்டும். அமிலமில்லாத அட்டை என்று கேட்டு வாங்குங்கள். செலோடேப், பசை இரண்டும் வேண்டவே வேண்டாம். ஆல்பத்தில் போட்டோவுக்குப் போடும் முக்கோண மூலைகளே போதும். படம் கண்ணாடியைத் தொடக் கூடாது. இடையில் மவுன்ட் அட்டையின் கனம் இருந்தால் ஈரம் கோத்து ஒட்டிக்கொள்ளாது. நேர் வெயில் படும் சுவரைத் தவிருங்கள். தாள் ஓவியங்களுக்கு அருங்காட்சியகங்கள் வைத்திருக்கும் வரம்பு 50 லக்ஸ், மங்கலான அறை வெளிச்சம்தான்.

பொம்மைகளின் சங்கதி வேறு. மென்மையான பி.வி.சி. பொம்மையிலிருந்து அதை நெகிழ்வாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் மெல்லக் கசியும். தொட்டால் பிசுபிசுக்கும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டுக் கழுவித் துடைத்தால் சரியாகும். இது தெரியாத நாளில் ஒரு பொம்மையை, உறையில் போட்டிருந்த பிரிண்ட் ஒன்றின்மேல் சாய்த்து வைத்திருந்தேன். கோடை முடிந்து எடுத்தால் காலடி வடிவத்தில் உறை உருகி ஒட்டி, அடியில் மையும் கிளம்பி வந்தது. அதிலிருந்து பொம்மைக்குத் தனி அலமாரி, பிரிண்டுக்குப் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை, பி.வி.சி. உறையை வீட்டுக்குள் விடுவதில்லை. மஞ்சளித்த வெள்ளைப் பிளாஸ்டிக்கை ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெளுக்கும் வித்தை ஒன்று உண்டு. வெளுக்கும், சில சமயம் திட்டுத் திட்டாக. கொஞ்ச காலத்தில் மஞ்சள் திரும்பவும் வரலாம். நான் மஞ்சளோடே வைத்துக்கொள்கிறேன்.

குழாயில் வந்த பிரிண்ட் சுருண்டே கிடந்தால் எதிர்ப்பக்கமாகச் சுருட்டாதீர்கள், மை வெடிக்கும். இரண்டு சுத்தமான வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்து, மேலே தட்டையான பலகையும் கனமான புத்தகங்களுமாக இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள். வாங்கிய நாள், விலை, ஓவியர் பெயர், எண் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். படத்தின் பின்னால் பேனாவால் எழுதாதீர்கள்.

கடைசிப் படி: மாட்டுவது

படத்தின் மையம் கண் உயரத்துக்கு வரட்டும். பலர் கூரையை எட்டிப் பிடிக்கும் உயரத்தில் மாட்டிவிட்டுக் கழுத்தை வளைத்துப் பார்க்கிறார்கள். பல சட்டங்களைச் சேர்த்து மாட்டுவதாக இருந்தால் முதலில் தரையில் அடுக்கி, ஒரு போட்டோ எடுத்துப் பாருங்கள். கண் மன்னித்துவிடும் கோணலை போட்டோ மன்னிக்காது. இடைவெளி எல்லா இடத்திலும் ஒன்றாக, இரண்டு மூன்று விரல்கடை. பெரிய படம் ஒன்றை நடுவில் வைத்து, சின்னவற்றைச் சுற்றி வளர்த்துக்கொண்டே போகலாம்.

ஆணி அடிக்குமுன் அதே அளவுத் தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் போகிற வருகிறபோது பாருங்கள். நான் அதற்கு அந்தக் கப்பல் போஸ்டரைத்தான் வைத்திருக்கிறேன். சரியாக ஏ2 அளவு. நாலு மூலையிலும் டேப் ஒட்டி உரித்து வெளுத்துப்போயிருக்கிறது. இந்த வீட்டில் படம் ஏறிய எல்லாச் சுவரிலும் முதலில் ஏறியது அதுதான்.